நார் நிறுத்து

ஜூன் 2, திங்கள்

காலை எடை 59.6. வெறும் வயிறு.

இந்த நோட்டு டயட்டம்மா வைக்கச் சொன்னது. டயட்டம்மா என்பது நாங்கள் வீட்டில் வைத்த பெயர். விளையாட்டுக்காரர்கள் எதை, எப்போது, எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லித் தருகிறவர். மருமகளின் எடையையும் சாப்பாட்டையும் தினமும் குறித்து வைக்க வேண்டுமாம். எனக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். பழைய இரும்புக் கிடங்கில் நாற்பத்தொரு வருடம் லாரி எடைமேடையில் உட்கார்ந்தவனுக்கு எண் தெரியாமல் இருக்குமா? அதனால் நான் சொல்கிறேன், என் மனைவி எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதமாட்டாளாம். "புஸ்தகத்துல இருக்கிற மாதிரிதான் எழுதுவேன். இல்லன்னா படிக்கிறவங்க என்னையில்ல பார்த்துச் சிரிப்பாங்க" என்கிறாள். சரி. மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எடையை எழுதினால் போதாதா என்று கேட்டாள். எதற்காக இந்த எடை என்று எழுத வேண்டாமா?

மருமகளுக்கு முப்பத்துமூன்று வயது. பகலில் லிஃப்ட் மெக்கானிக். மாலையில் குத்துச்சண்டை. 54 கிலோ பிரிவு. போன வருடம் போட்டிக்கு முந்தின நாள் பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு நீராவி அறையில் உட்கார்ந்தவள் அங்கேயே சாய்ந்துவிட்டாள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பயந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். என் மகன் கப்பலில் இயந்திர அறையில் இருந்தான். போனில் அழுதான். அவன் அழுது நான் கேட்டது அவனுடைய ஏழு வயதுக்குப் பிறகு அன்றுதான். அவனிடம் மருமகள் சொன்னாள்: "இனிமே சாப்பிட்டுத்தான் எடைக்கு வருவேன். வர முடியலன்னா கையுறையைக் கழட்டிடறேன். போதுமா?"

செப்டம்பர் 14 தேர்வுப் போட்டி. அன்று காலை ஐம்பத்துநாலுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் முடிந்தது கதை.

ஜூன் 5, வியாழன்

59.5.

டயட்டம்மா சொன்ன இசப்கோல் உமி வந்தது. தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுகிற என் கை இதில் ஏமாந்தது. ஒரு கரண்டி நாலு கிராம் என்று நினைத்தேன், தராசு இரண்டு காட்டியது. அப்படி ஒரு காற்றுப் பொருள்.

மருமகள் அவசரக்காரி. ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். தொண்டையில் பசையாக அடைத்துக்கொண்டது. கண் பிதுங்கியது. என் மனைவி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ரிங்கில்கூட யாரிடமும் அப்படி வாங்கியதில்லையாம்.

ஜூன் 6, வெள்ளி

டயட்டம்மா போனில் பிடிபிடி என்று பிடித்தார். "இது மருந்து இல்லம்மா, நார். தண்ணியை உறிஞ்சி ஊதும். வயித்துக்குள்ள போய் ஊதணும், தொண்டையில இல்ல. ஊதினா பசி அடங்கும். வேளைக்குச் சாப்பிடுவ, வேளை கெட்டுத் திங்கமாட்ட. அவ்வளவுதான் இதோட வேலை. மந்திரம் எல்லாம் கிடையாது."

மந்திரம் கிடையாது என்று சொன்னாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு போனில் ஒரு சீட்டு அனுப்பினார். என் மனைவி வாசித்தாள்: "நார் நாலு கிராம் நிறுத்து, பெரிய டம்ளர் தண்ணில கலந்து, உடனே குடிக்கணும். மேல இன்னொரு டம்ளர் தண்ணி. மெதுவா ஏத்தி, காலை அஞ்சு, சாயங்காலம் அஞ்சுன்னு நிலைக்கணும்."

கிடங்கை விட்டு வந்து ஒன்பது வருடம். இந்த வீட்டில் யாரும் என்னை எதையும் நிறுக்கச் சொன்னதில்லை. மகன் வாங்கிப் போட்ட சின்ன மின்தராசை எடுத்துத் துடைத்து, சமமான இடம் பார்த்து வைத்தேன். "லாரி வருதா?" என்று கேட்கிறாள் இவள்.

ஜூன் 19, வியாழன்

58.8. வீட்டில் வெடிச் சத்தம் ஓயவில்லை. மருமகள் வெட்கப்பட்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறாள். "ஓடாதடி, நாங்களும் மனுஷங்கதான்" என்று இவள் கீழிருந்து கத்துகிறாள். புது நார் வயிற்றுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும் என்கிறார் டயட்டம்மா.

ஜூலை 3, வியாழன்

58.1. வெடி நின்றது. காலையில் சிரமமில்லாமல் போனதாம். "இதையும் எழுதணுமா?" என்றாள் இவள். எழுது என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

57.2.

மாஸ்டர் வந்தார். மருமகளுக்குப் பதினைந்து வருடமாகக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுக்கிறவர், நல்ல மனிதர், அவசரக்காரர். கையில் ஒரு டப்பா. மேலே சட்டையில்லாத ஆள் படம். "குடல் சுத்தப் பொடி. மூணே நாள்ல ரெண்டு கிலோ. என்கிட்ட இருக்கிற எல்லாரும் இதைத்தான் சாப்பிடறாங்க."

மருமகள் டப்பாவைத் திருப்பிச் சின்ன எழுத்துகளைப் படம் பிடித்து டயட்டம்மாவுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. அதில் நிலாவாரை இருக்கிறதாம். "பேதிக்குப் போற இலை. கொழுப்பு போகாது, தண்ணியும் உப்பும்தான் போகும். அதுக்கு அந்த நீராவி ரூமே தேவல."

மாஸ்டர் முகம் சுருங்கியது. டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். மருமகள் வாசல் வரை போய், "மாஸ்டர், மத்தவங்களுக்கும் குடுக்காதீங்க" என்றாள். பதினைந்து வருடம் சொல்லிக் கொடுத்தவரிடம் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதைக் குரல் உயராமல் சொன்னாளே, அதுதான் பெரிது.

ஆகஸ்ட் 9, சனி

56.8. இரண்டு வாரமாக இந்த இடத்தைச் சுற்றியே நிற்கிறது. ஐம்பது கிராம் இப்படி, ஐம்பது கிராம் அப்படி. மருமகளுக்கு எரிச்சல். சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் குறைத்தார் டயட்டம்மா.

இன்று மதியச் சாப்பாட்டை நான் கொண்டு போனேன். பதினாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றுவிட்டது. அந்தப் பெரிய குழிக்குள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்குகிறாள் என் மருமகள். மேலே வந்து, கைக் கிரீஸைத் துடைத்து, டப்பாவைத் திறந்தாள். அவித்த பயறு, கீரை, ஒரு முட்டை, தோலோடு ஒரு பழம். கூட வேலை செய்கிற இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்ததைப் பொட்டலம் பிரித்தார்கள். எனக்கே வாயில் எச்சில் ஊறியது.

"ஒண்ணு எடுத்துக்கோங்க அக்கா. ஒண்ணுல என்ன ஆகப் போகுது?"

அவள் மூக்கைப் பொட்டலத்துக்கு மேலே கொண்டு போய் நன்றாக இழுத்தாள். "போதும்ப்பா. வாசனைக்கு எடை கிடையாது."

கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள், இரும்பு உடைக்கிறவர்கள், என்னென்ன பலசாலிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் ஒற்றைக் கையால் லாரிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போவான். பொரித்த வாசனைக்கு முன்னால் இப்படிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

56.0. மகன் பேசினான். "அப்பா, அவ சாப்பிடறாளா?" சாப்பிடுகிறாள் என்றேன். "உண்மையா?" நோட்டை எடுத்து இவள் அரை மணி நேரம் வாசித்துக் காட்டினாள். அவனே போதும் என்று சொல்லிவிட்டான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

55.3.

மருமகள் ஒரு வேண்டுகோள் வைத்தாள். போன வருடம் கடைசி வாரத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை தராசில் ஏறினாளாம். எண் தலைக்குள் புகுந்து பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டதாம். "இந்தத் தடவை கடைசி வாரம் எந்தச் சீட்டும் நான் பார்க்க மாட்டேன். எடை எவ்வளவுன்னும் சொல்லாதீங்க. டயட்டம்மா சீட்டை அத்தைக்கு அனுப்பட்டும். அத்தை படிக்கட்டும், மாமா நிறுக்கட்டும். நீங்க குடுக்கறதைக் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடறேன்."

"நான் பாகற்காயா குடுத்தா?" என்றாள் இவள்.

"அதுக்குத்தான் அத்தை கண்ணை மூடிக்கறது."

செப்டம்பர் 10, புதன்

55.2. இவளுடைய அக்காவுக்குக் கண் அறுவை. போய் மூன்று நாள் இருந்துவிட்டு சனிக்கிழமை வருவாள். வண்டி வாசலில் நிற்கிறது, இவள் நின்றபடியே எழுதுகிறாள். டயட்டம்மாவின் கடைசிச் சீட்டு வந்தது, வாசித்துக் காட்டிவிட்டாள். வியாழன் முதல்: நார் நிறுத்து. காய் தோல் சீவு. உப்பு பாதி. வெள்ளைச் சோறு, முட்டை, மீன். கீரை, பயறு வேண்டாம். எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும். "மறந்துடாதீங்க" என்கிறாள். நான் எதை மறந்தேன்?

செப்டம்பர் 13, சனி

இவள் இரண்டு மணிக்கு வந்தாள். நாலு மணிக்கு நோட்டோடு உட்கார்ந்தோம். மூன்று நாள் கணக்கைச் சொன்னேன்.

வியாழன் 55.1. வெள்ளி 55.0. இன்று 54.9. இறங்குகிறது, ஆனால் நொண்டுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு எல்லாம் சீட்டுப்படிதான். சுரைக்காய் தோல் சீவி வேகவைத்தேன். உப்பு பாதி. கீரை கிடையாது. வியாழன் காலை நார் ஐந்து கிராம் நிறுத்துக் கலக்கிக் கொடுத்தேன், மாலை ஐந்து கிராம் நிறுத்து

இந்த இடத்தில் இவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"என்ன குடுத்தீங்க?"

"நார்."

"அதான் நிறுத்துன்னு படிச்சேனே!"

"ஆமா. நிறுத்துத்தான் குடுத்தேன். எத்தனை கிராம்னு நீ சொல்லல. அதனால பழைய அஞ்சையே வெச்சேன்."

இவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இப்போது நான் பேசுகிறபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். எழுதுகிறாள்.

என்ன காரியம் பண்ணிட்டேன். மூணு மாசமா நிறுத்து நிறுத்துன்னு அவ படிச்சதெல்லாம் தராசுல நிறுக்கறதுதானே. அன்னைக்கு மட்டும் வேற நிறுத்தா? ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே. கேக்கல. ஏன் கேக்கல? எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே! நாப்பத்தொரு வருஷம் ஒரு லாரி தப்பல. வார்த்தையும் தப்பல. அவ படிச்ச அதே வார்த்தை, அதே வரிசை. அர்த்தம்தான் தப்பிப்போச்சு. அந்தப் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சாளே. வேளை தவறாம குடிச்சாளே.

அதே நாள், மாலை

டயட்டம்மாவிடம் பேசினோம். முழுவதையும் கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "ஐயா, நீங்க எடைமேடையில இருந்தவர்தானே? சரக்கோட ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை இருக்குமில்ல? அதே கணக்குதான். குடல்ல எப்பவும் கொஞ்சம் சக்கை கிடக்கும். நார் அதைக் கூட்டும், தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும். மூணு மாசம் அது நமக்கு நல்லது. கடைசி மூணு நாள் நிறுத்திட்டா வண்டி காலி ஆகும். உடம்புல ஒரு சொட்டுத் தண்ணி குறையாம அரை கிலோ குறையும். அதுக்குத்தான் சொன்னேன்."

இவ்வளவு அழகான கணக்கை என் வாழ்நாளில் கேட்டதில்லை. கேட்க வேண்டிய நாளில் கேட்கவில்லை.

"இருபத்தஞ்சு கிராம் போயிருக்கு. எவ்வளவு தண்ணியைப் பிடிச்சிருக்கும்?" என்றேன்.

"குத்துமதிப்பா நானூறு கிராம்னு வெச்சுக்கலாம். இப்ப நிறுத்திடுங்க... ஐயா, கொடுக்காதீங்கன்னு அர்த்தம். பேதி மாத்திரை வேண்டாம். வேர்க்கவும் வேண்டாம். காலையில பார்ப்போம். என் மேலயும் தப்பு இருக்கு, முழுசா எழுதியிருக்கணும்."

தப்பில் பங்கு கேட்டு வாங்கிக்கொள்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

மருமகள் ஆறு மணிக்கு வந்தாள். நான்தான் சொல்வேன் என்று இவளைத் தடுத்துவிட்டேன்.

"உக்காரும்மா."

"என்ன மாமா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அந்த நார். நிறுத்தச் சொல்லியிருக்காங்க. நான் நிறுத்துட்டேன்."

"நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டீங்க. அப்புறம் என்ன?"

"நிறுத்தல. நிறுத்தேன்."

அவள் என்னையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "தராசுலடி" என்றாள் இவள். "எடை போட்டு எடை போட்டு உனக்குக் குடுத்திருக்கார்."

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "எத்தனை கிராம் மாமா?" என்றாள்.

"அஞ்சு வேளை. அஞ்சஞ்சு கிராம்."

"கரெக்டா?"

"இம்மி தப்பல."

சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றாள். நாங்கள் கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

போட்டி நடக்கும் மண்டபத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து சொல்கிறேன்.

காலை ஏழு மணி. 54.4.

அந்த நானூறு கிராம் அவளுடையது இல்லை. என்னுடையது.

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எட்டு மணிக்குள் மறுபடி ஏறலாம். மாஸ்டர் பையிலிருந்து பிளாஸ்டிக் உடுப்பை எடுத்து உதறினார். "நாப்பது நிமிஷம் கயிறு தாண்டு. வாயில புளிப்பு மிட்டாய் போட்டுக்கிட்டுத் துப்பிக்கிட்டே இரு. நானூறு கிராமெல்லாம் வெறும் எச்சிலும்மா."

சுற்றிலும் அதுதான் நடந்தது. பாட்டிலில் துப்பிக்கொண்டு, உதடு வெடித்து, சுவரில் சாய்ந்து கிடந்தார்கள் பிள்ளைகள். ஒரு நொடி, மருமகளும் போட்டுக்கொண்டால் என்ன, என் தப்பு கழிந்துவிடுமே என்று நினைத்தேன். நினைத்தேன். அதையும் எழுது.

மருமகள் உடுப்பைக் கையில் வாங்கி, மடித்து, மாஸ்டரின் பையிலேயே வைத்தாள். "57-ல பேரை மாத்துங்க மாஸ்டர்."

"பைத்தியமா உனக்கு? அங்க கிரேன் இருக்கா!" கிரேன் என்பது 57 கிலோவில் மூன்று வருடமாக யாரிடமும் தோற்காத பெண்ணுக்கு இவர்கள் வைத்த பெயர். கை அவ்வளவு நீளம். "மேல இருந்து போடுவா. நீ அண்ணாந்து பார்க்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"நான் லிஃப்ட் மெக்கானிக் மாஸ்டர். தினமும் அண்ணாந்துதான் பார்க்கறேன்."

மேல் பிரிவுக்கு மாற எட்டு மணி வரை நேரம் உண்டு என்று மேசையிலிருந்தவர் சொன்னார். கையெழுத்துப் போட்டாள். திரும்பி வந்து, "அத்தை, சாப்பிட என்ன இருக்கு?" என்றாள். இவள் டப்பாவைத் திறந்தாள். அத்தனை பேர் துப்பிக்கொண்டிருந்த அந்த நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோறும் இரண்டு முட்டையும் நிதானமாகச் சாப்பிட்டாள். நான் குனிந்த தலையை அப்போதுதான் நிமிர்த்தினேன்.

மதியம் முதல் போட்டி. எதிரி மருமகளைவிட ஒரு சாண் உயரம். ஐந்து நடுவரில் நாலு பேர் மருமகள் பக்கம். வென்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

கிரேனிடம் தோற்றாள். மூன்றுக்கு இரண்டு.

நான் வாழ்நாள் முழுக்கக் கனத்தை நம்பினவன். கனமானது இருக்கிற பக்கம் தட்டு இறங்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். முதல் சுற்றில் அப்படித்தான் இருந்தது. கிரேனின் கை வந்து வந்து விழுந்தது, மருமகளின் தலை இரண்டு தடவை பின்னால் போனது. என் மனைவி என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், இன்னும் தழும்பு இருக்கிறது. இரண்டாவது சுற்றில் மருமகள் குனிந்து அந்த நீளக் கைகளுக்கு உள்ளே புகுந்துவிட்டாள். உள்ளே நீளத்துக்கு வேலை இல்லை. மூன்றாவது சுற்றில் கிரேன் மூச்சு வாங்கினாள். அவளும் எடை குறைத்து வந்தவள்தானே. என் மருமகளின் கால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மண்டபம் எழுந்து நின்றது. தெரியாதவர்கள் எல்லாம் "அக்கா, அக்கா" என்று கத்தினார்கள்.

மணி அடித்ததும் கிரேனே வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பதினஞ்சு வருஷத்துல மூணாவது ரவுண்டுல இவ கால் ஓடி இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார். என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை.

தோல்வி தோல்விதான். தேர்வாகவில்லை.

செப்டம்பர் 17, புதன்

மருமகள் கையுறைகளைத் துடைத்துக் காயவைத்து, எங்கள் பீரோவில் வைத்தாள். "54-க்குச் சாப்பிட்டு வரேன்னு சொன்னேன். வரல. சொன்னா சொன்னதுதான் மாமா."

"அது என்னாலம்மா."

"யாரால வந்தாலும் எண் எண்தான். நீங்கதானே சொல்வீங்க."

ஆமாம், நான்தான் சொல்வேன். கிடங்கில் லாரிக்காரர்கள் கெஞ்சும்போதெல்லாம் அதைத்தான் சொல்வேன்.



செப்டம்பர் 21, ஞாயிறு

டயட்டம்மா வீட்டுக்கே வந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்த உருவம் வேறு. சின்னப் பெண், தோளில் பெரிய பை. நாற்காலியில் உட்காராமல் மருமகளோடு தரையில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஜூன்ல இருந்து தினமும் காலை எடை சொல்லுங்க. நோட்டு வேண்டாம்."

சொன்னேன். ஜூன் 2-ல் ஆரம்பித்து நூற்றைந்து நாள். இவள் நோட்டில் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று தெரிந்தது. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை 56.8, 56.85, 56.75, 56.8. நான் நிறுத்திக்கொண்டேன்.

"என்ன ஐயா?"

"லாரி மேடை ஏறினா முள்ளு கொஞ்ச நேரம் ஆடும். அப்புறம் ஒரு இடத்துல தானா நிக்கும். அதுதான் எடை. அதுக்கு முன்னாடி படிக்கறவன் கத்துக்குட்டி." மருமகளைப் பார்த்துச் சொன்னேன். "உன் முள்ளு தானா நின்ன இடம் அது. அதுக்குக் கீழ நாமதான் பிடிச்சு இழுத்தோம்."

டயட்டம்மா மருமகளின் கையைப் பிடித்தார். "பதினெட்டு வயசுல நீ 54. அந்தப் பொண்ணோட சட்டையை இன்னும் ஏன் போட்டுக்கிட்டு இருக்க? சாப்பிட்டு எடைக்கு வரணும்னுதானே உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்ன. எந்த எடைக்குன்னு அவர் கேட்டாரா?"

 மருமகள் எல்லோருக்கும் பால் காய்ச்ச எழுந்து போனாள். போகும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அதை நான் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அக்டோபர் 1, புதன்

பீரோவில் கையுறை இல்லை. நாங்கள் தேடவில்லை.

நவம்பர் 12, புதன்

57.1. இசப்கோல் காலையில் மட்டும் ஐந்து கிராம். மீதி நார் கீரை, பயறு, தோலோடு பழம். சீட்டை அவளே படித்துக்கொள்கிறாள், படித்துவிட்டு என்னிடம் ஒரு தடவை சொல்கிறாள், நான் திருப்பிச் சொல்கிறேன், பிறகுதான் அடுப்பு. புது ஏற்பாடு இது, தினமும் கோர்ட்டில் ஆஜராகிற மாதிரி. இவள் இதற்கு "வாய்தா" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஜனவரி 25, ஞாயிறு

வேறு ஊர், வேறு மண்டபம். காலை ஆறரைக்கு மருமகள் இரண்டு ரொட்டி, ஒரு முட்டை, அரை டம்ளர் பால் சாப்பிட்டாள். ஏழரைக்கு 57 கிலோ வரிசையில் நின்றாள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம்.

56.8.

எடை பார்த்தவர் எழுதிக்கொண்டார். அவள் இறங்கி, வாயோரத்தில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் துடைத்தாள். அடுத்து ஏற நின்றவள் ஒரு சின்ன வீராங்கனை. உதடு வறண்டு வெடித்திருந்தது, கையில் துப்பல் பாட்டில். அந்தத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாப்பிட்டுட்டா ஏறுனீங்க?"

"ஆமா" என்றாள் மருமகள். அவ்வளவோடு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அந்தப் பெண் ஏறி இறங்கும் வரை அங்கேயே நின்றாள். பிறகு அவளைத் தோளோடு பிடித்து எங்கள் பக்கம் கூட்டிவந்து, "அத்தை, டப்பாவைத் திறங்க" என்றாள்.